அரைமீசையின் அளவு

தன்னுடைய மீன் இன்னொருவர் கையில் இருப்பதைப் பார்த்தபோது, முத்திரை ஒரு காய்கறிக் கடையில் தராசைச் சோதித்துக்கொண்டிருந்தார். இடது கையில் தராசு. வலது கையில் ஒரு கிலோ எடைக்கல். வெங்காயச் சாக்கின் மேல் வைத்திருந்த கைபேசி ஒலித்தது. குனிந்து படத்தைப் பார்த்தார். எடைக்கல் நழுவித் தக்காளிக் கூடைக்குள் விழுந்தது.

"சார், என் தராசு சரிதானே?" என்றார் கடைக்காரர்.

"தராசு சரி. மனுஷங்கதான் சரியில்ல!"

"யாரு சார், நானா?"

"ஒரு பெரிய மனுஷன்! தங்கச்சிய எனக்குக் கட்டிக் குடுத்த மனுஷன்! கள்ள அளவு!"

கடைக்காரருக்கு ஒன்றும் விளங்கவில்லை. திட்டு தனக்கில்லை என்பது மட்டும் விளங்கியது. அது போதுமென்று தக்காளியைத் துடைக்கப் போய்விட்டார்.

முத்திரை என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசு, எடைக்கல், மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதிப்பார். சரியாக இருந்தால் முத்திரை குத்துவார், இல்லாவிட்டால் வழக்குப் போடுவார். இருபத்திரண்டு வருடமாக இதையே செய்ததில், உலகத்தில் இரண்டு வகை மனிதர்கள்தான் உண்டு என்ற முடிவுக்கு வந்திருந்தார்: வழக்குப் போடப்பட்டவர்கள், இன்னும் போடப்படாதவர்கள். அவருக்கு மூக்கு நுனியில் கோபம் என்பார்கள். நுனிவரை வந்து உட்கார அந்தக் கோபத்துக்கு ஏது பொறுமை?

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அவர் சாதுவாக இருப்பார். அன்று வாய்க்கால் மதகில் மச்சானோடு உட்கார்ந்து தூண்டில் போடுவார். மச்சான் என்பவர் அவர் மனைவியின் அண்ணன், கடைத்தெருவில் படங்களுக்கு ஃப்ரேம் போடுகிறவர். ஒரே வீடு, கீழ்த்தளத்தில் இவர், மாடியில் அவர். பதினைந்து வருடமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலைப்பொழுதுக்கு மொத்தமாக ஆறு வார்த்தை பேசி, ஒரே காபியைப் பங்கு போட்டுக் குடித்து வந்தார்கள். முத்திரையோடு பதினைந்து வருடம் சண்டை போடாமல் இருந்த ஒரே ஜீவன் மச்சான்தான்.

இருவரும் உதவாக்கரை மீன் கழகத்தில் உறுப்பினர்கள். கைபேசிக் குழு அது. மொத்தம் நாற்பத்தொரு பேர், நாற்பத்தொரு பேருக்கும் ஒரே கிறுக்கு. மற்றவர்கள் ருசியான மீனைத் தேடிப் போவார்கள். இவர்களுக்கு முள்ளும் சேற்று வாடையுமாக, பூனைகூட யோசித்துத் தின்கிற கெளுத்தி, கெண்டை வகையறாதான் பிடிக்கும். அவற்றுக்காக வருடத்துக்கு ஒரு முறை மூன்று மாதம் போட்டி நடக்கும். மீனைப் பிடித்து, அளவுப் பலகையில் கிடத்தி, மூக்கு பூஜ்யத்தைத் தொட, வாலைச் சேர்த்துப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும். உடனே மீனைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். பழைய படத்தைப் புதிதென்று போடாமல் இருக்க, வாரத்துக்கு ஒரு ரகசியச் சொல்லைச் சீட்டில் எழுதி மீன் பக்கத்தில் வைக்க வேண்டும். நடுவர் வேறு ஊரில் இருந்த ஒரு பல் டாக்டர். ஆகவே முதல் வாரச் சொல் 'வெட்டுப்பல்', இரண்டாவது வாரம் 'ஈறு', இப்படியே போயிற்று. ஜெயித்தவர் மீனின் படம் ஒரு வருடத்துக்குக் குழுவின் முகப்பில் இருக்கும். வேறு பரிசு கிடையாது.

முதல் விதி: 'இது நட்புப் போட்டி. யாரும் கோபப்படக் கூடாது.'

முதல் வாரத்தில் முத்திரை ஒரு கெளுத்தி பிடித்திருந்தார். இடது மீசை பாதியில் அறுந்து, வாலில் டிக்கெட் கிழித்தது போல ஒரு வெட்டு. அறுபத்தொரு சென்டிமீட்டர். குழுவே அதற்கு அரைமீசை என்று பெயர் வைத்துக் கொண்டாடியது. முத்திரை அதை வாய்க்காலில் விடும்போது ஒரு நிமிடம் கையில் வைத்திருந்துதான் விட்டார்.

இப்போது ஏழாவது வாரம். மச்சான் போட்ட படத்தில் 'கடைவாய்ப்பல்' என்ற சீட்டுக்குப் பக்கத்தில் அதே அரைமீசை கிடந்தது. அதே அறுந்த மீசை, அதே வால் வெட்டு. ஆனால் பலகையில் அறுபத்துமூன்று.

ஒரே மீன், இரண்டு அளவு. எந்தக் கடையில் இப்படி நடந்தாலும் முத்திரையின் அனுபவத்தில் முடிவு ஒன்றுதான்: ஒரு கோல் கள்ளக் கோல்.

நடுத்தெருவில் நின்று குழுவில் எழுதினார்: "அது என் மீன்."

மச்சானிடமிருந்து பதில் வந்தது: "நல்ல மீன் மாப்பிள்ளை. வயித்துல உங்க பேரு எழுதியிருந்ததை நான் கவனிக்கல."

இருபத்தாறு பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். முத்திரை எண்ணினார்.

"என் பலகையில 61. உங்க பலகையில 63. உங்க பலகை கள்ளப் பலகை."

சிரிப்பு நின்றது. ஃப்ரேம் கடைக்காரரைக் கள்ள அளவு என்று சொல்வது, சமையல்காரரைப் பார்த்து விஷம் வைத்தாய் என்று சொல்வதற்குச் சமம். மச்சான் கையிலிருந்த ஃப்ரேம் கட்டையைக் கீழே வைத்தார். பிறகு எழுதினார்: "நிரூபிங்க."

பல் டாக்டரிடமிருந்து குரல் செய்தி வந்தது. பின்னணியில் ஏதோ இயந்திரம் கிர்ரென்றது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் வாயை மூடுங்க... நீங்க இல்லம்மா, நீங்க நல்லா தொறங்க... பலகை கள்ளம்னு நிரூபிச்சா அந்த ஆளு கழகத்தை விட்டு வெளியே. புகார் பொய்னா, சொன்னவரு எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கணும். அவ்வளவுதான்... துப்புங்க."

முத்திரை வீட்டுக்கு வந்தபோது மனைவி அவருடைய சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க அண்ணனைத் திருடன்னு நாப்பது பேரு முன்னால எழுதினீங்களாமே?"

"திருடன்னு எழுதல. கள்ளப் பலகைன்னு எழுதினேன்."

"பலகை தானா போய்க் கள்ளம் பண்ணுமா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன்!"

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"நான் மேல போய் அண்ணன் பலகைய எடுத்துட்டு வரேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை."

"அளவு சோதனைன்னா உனக்கு விளையாட்டாப் போச்சா? அதுக்குன்னு முறை இருக்கு, சட்டம் இருக்கு. அரசாங்கக் கோலை வச்சுத்தான் பார்க்கணும். எங்கண்ணன் உங்கண்ணன்னு உறவு பார்த்தா அளவு நிக்காது."

"அப்படியா? அப்ப நான் உறவு பார்க்குற எடத்துக்கே போறேன். அளவு நின்னதும் சொல்லி அனுப்புங்க."

ஒரு கைக்கு மட்டும் இஸ்திரி போட்ட சட்டையை அப்படியே விட்டுவிட்டு மாடிப்படி ஏறினாள். சற்று நேரத்தில் மேலேயிருந்து அவள் சிரிப்பு கேட்டது. தன் வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று முத்திரைக்கு ஒரு கணம் தோன்றியது. உடனே அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

மறுநாள் காலை, ஒரு கை மடிப்பும் ஒரு கை கசங்கலுமாக அதே சட்டையைப் போட்டுக்கொண்டு ஃப்ரேம் கடைக்குள் நுழைந்தார். கையில் நீளமான மரப்பெட்டி. அதற்குள் மூலக்கோல். ஊரில் உள்ள எல்லா மீட்டர் கோலும் அந்த உருக்குக் கோலுக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் ஒன்றாம் எண், இரண்டாம் எண் என்று இரண்டு மூலக்கோல்கள் உண்டு. இது ஒன்றாம் எண்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார் மச்சான்.

"மாப்பிள்ளை இல்ல. ஆய்வாளர். பலகைய எடுங்க."

கடையில் ஒரு புதுத் தம்பதி தங்கள் படத்தோடு காத்திருந்தார்கள். மச்சான் மீன் பலகையைத் துடைத்து மேசை மேல் வைத்தார். முத்திரை மூலக்கோலை அதன் மேல் கிடத்தினார். பூஜ்யத்திலிருந்து பார்த்தார். நூறிலிருந்து திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு கோட்டின் மேல் போய் உட்கார்ந்தது.

"எப்படி?" என்றார் மச்சான்.

"சரியா இருக்கு" என்றார் முத்திரை. பல்லைப் பிடுங்குகிற மாதிரி அந்த வார்த்தை வெளியே வந்தது.

"அப்ப உங்க பலகைதான் கள்ளம்."

"என் பலகையா! இருபத்திரண்டு வருஷம் ஊருக்கே அளவு பார்த்தவன்யா நான்!"

"ஊருக்குப் பார்ப்பீங்க. உங்களுக்கு யாரு பார்த்தா?"

புதுத் தம்பதியில் மாப்பிள்ளை சிரித்துவிட்டான். முத்திரையின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேம்களெல்லாம் அதிரக் கதவைச் சாத்திவிட்டு வெளியேறினார். நாலு தெரு தாண்டிய பிறகுதான் கையில் காலிப் பெட்டி இருப்பது தெரிந்தது. மூலக்கோல் கடையிலேயே கிடந்தது.

தொலைபேசியில் கேட்டார். மச்சான் நிதானமாகச் சொன்னார்:

"சுவத்துல ஆணியில மாட்டி வச்சிருக்கேன். மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

"அது அரசாங்க சொத்து!"

"என் மானம் என் சொத்து."

முத்திரை அலுவலகத்துக்குப் போய் அலமாரியிலிருந்து இரண்டாம் எண் மூலக்கோலை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து, கதவைத் தாழிட்டுக்கொண்டு, தன் பலகையைச் சோதித்தார். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. அவருடைய பலகையும் சரி.

நாற்காலியில் உட்கார்ந்தார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். முத்திரையின் புத்தி மட்டமில்லை. ஆத்திரத்தோடு சேர்ந்து அது கூடுதல் நேரமும் வேலை பார்த்தது. மச்சான் பலகை ஒன்றாம் எண்ணுக்குச் சரி. தன் பலகை இரண்டாம் எண்ணுக்குச் சரி. ஆனால் ஒரே மீன் இதில் அறுபத்தொன்று, அதில் அறுபத்துமூன்று. அப்படியானால் இரண்டு மூலக்கோலில் ஒன்று பொய் சொல்கிறது! அரசாங்கத்தின் கோலே கள்ளக் கோல்!

வேறொருவராக இருந்தால் இந்த இடத்தில் பயந்திருப்பார். முத்திரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. அன்றே இரண்டு பக்க அறிக்கை எழுதி, பதிவேட்டில் எண் போட்டு, மேலதிகாரியிடம் கொடுத்தார்.

மேலதிகாரி அம்மா எல்லாக் கோப்புகளிலும் 'பார்த்தேன்' என்று மட்டும் எழுதி முப்பது வருடத்தை ஓட்டியவர். அறிக்கையைப் படித்ததும் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுட்டா என்ன?"

"பதிவாயிடுச்சு மேடம்."

"மூலக்கோல் மேல சந்தேகம்னு எழுத்துல வந்தா என்ன விதி தெரியுமா? ரெண்டையும் சீல் வச்சுத் தலைமை ஆய்வகத்துக்கு அனுப்பணும். பதில் வர்ற வரைக்கும் கோல் மட்டுமில்ல, ஊர்ல ஒரு தராசைக்கூடத் தொடக் கூடாது. அதுங்களை வச்சுப் போட்ட வழக்கெல்லாம் அந்தரத்துல நிக்கும்."

"உண்மைன்னா நிக்கட்டும் மேடம்."

"சரி, ஒன்னாம் நம்பரைக் கொண்டாங்க."

முத்திரை கூரையைப் பார்த்தார்.

"எங்கே அது?"

"ஒரு ஃப்ரேம் கடைச் சுவத்துல மாட்டியிருக்கு மேடம்."

அம்மாவே நேரில் போக வேண்டியதாயிற்று. மச்சான் அவருக்கு நாற்காலி போட்டு, காபி வரவழைத்துக் கொடுத்து, கோலை மரியாதையாகக் கழற்றித் துடைத்துத் தந்தார். தருவதற்கு முன் ஒரு ரசீது எழுதி வாங்கிக்கொண்டார்: 'எங்கள் ஆய்வாளர் கோபத்தில் மறந்துவிட்டுப் போன மூலக்கோலைப் பெற்றுக்கொண்டேன்.' அதற்கும் ஃப்ரேம் போட்டுக் கல்லாவுக்குப் பின்னால் மாட்டினார்.

சேதி ஊர் முழுக்கப் பரவ அரை நாள் ஆகவில்லை. மறுநாள் அலுவலக வாசலில் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் ஜவுளிக் கடைக்காரர்.

"என் மீட்டர் கோல் அரை விரல் குறையுதுன்னு வழக்குப் போட்டீங்களே, எந்தக் கோலை வச்சு சார் பார்த்தீங்க? நல்ல கோலா, கெட்ட கோலா?"

"உன் கோல் எதை வச்சுப் பார்த்தாலும் குறையும்யா!"

"அதை உங்க கோல் சொல்லட்டும் சார். முதல்ல அது டாக்டர்கிட்ட போயிட்டு வரட்டும்."

கூட்டம் கைதட்டியது. காய்கறிக் கடைக்காரர் மட்டும், "நம்ம தக்காளி நசுங்கினதுக்கு யாரு பொறுப்பு?" என்று தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா முத்திரையின் முத்திரைகளையெல்லாம் வாங்கி மேசை அறைக்குள் போட்டுப் பூட்டினார். அன்றிலிருந்து அவர் வெறும் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, சுவர்க் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். அது மூன்று நிமிடம் தாமதம். அதன் மேல் வழக்குப் போடவும் அவருக்கு இப்போது அதிகாரம் இல்லை.

வீட்டில் ரொட்டி. காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி. மாடியில் மனைவி நடப்பதை அடிச்சத்தத்தில் கண்டுபிடித்துவிடுவார். சமையலறைக்குப் போகிறாள், ஜன்னலுக்கு வருகிறாள், நிற்கிறாள். கூப்பிட்டால் வந்துவிடுவாள் என்று தெரியும். கூப்பிடுவதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்டாக வேண்டும் என்பதும் தெரியும். அறுபத்தொன்றையும் அறுபத்துமூன்றையும் வைத்துக்கொண்டு எப்படி மன்னிப்புக் கேட்பது?

ஞாயிற்றுக்கிழமை மதகின் இந்தப் பக்கம் முத்திரை உட்கார்ந்தார். அந்தப் பக்கம் மச்சான் உட்கார்ந்தார். மதகு மேலே காபி வண்டி நிறுத்தியிருக்கும் அக்கா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன சார், ஒரு காபிய ரெண்டா ஊத்துவேன். இன்னைக்கு ரெண்டு காபியா?"

"ரெண்டு வேணாம். எனக்கு ஒன்னு. அந்தாளு என்ன குடிச்சா எனக்கென்ன?"

"அவரும் இதையேதான் சொன்னாரு" என்றபடி அக்கா முந்தின நாள் மிஞ்சிய பன்னைப் பிய்த்து வாய்க்காலில் வீசினாள்.

"தண்ணில பன்னு போடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது! வயிறு நெறஞ்ச மீனு தூண்டில்ல எப்படிக் கடிக்கும்?"

"எம் பன்னு, எங்க வேணா போடுவேன். கள்ளப் பன்னுன்னு வேணா ஒரு வழக்குப் போடுங்க!"

அந்தப் பக்கத்திலிருந்து மச்சானின் சிரிப்பு கேட்டது. முத்திரை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.

சண்டை தொடங்கி மூன்றாவது வாரம் மனைவி மாடிப்படியில் பாதிவரை இறங்கி வந்தாள். கோபமாகத்தான் வந்தாள். ஆனால் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அண்ணன் ஒரு வாரமா ஒரு ஃப்ரேம்கூட அறுக்கல."

"ஏன், ஆணியில மாட்ட என் கோல் இல்லையேன்னா?"

"ஒரு கட்டைய நாலு தடவை அளக்குறாரு. அளந்துட்டு அறுக்க மாட்டேங்குறாரு. 'மாப்பிள்ளை சும்மா சொல்ற ஆளு இல்ல, என் கண்ணுலதான் ஏதோ கோளாறு'ன்னு உக்காந்திருக்காரு. முப்பது வருஷமா அளந்தவரு இப்ப ரம்பத்தையே தொட மாட்டேங்குறாரு. இதுக்கு எந்த ஆய்வகத்துக்கு எழுதிப் போடுவீங்க?"

அவள் திரும்பி ஏறிப் போய்விட்டாள். முத்திரைக்கு முதன்முறையாகத் தன் மேலேயே கோபம் வந்தது. பழக்கமில்லாத கோபம். அதை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் ரொட்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தார். பிறகு அவரே அதைப் பொறுக்கித் துடைத்துத் தின்றார்.

ஐந்தாவது வாரம் ஆய்வகத்திலிருந்து கடிதம் வந்தது. இரண்டு மூலக்கோல்களும் மிகச் சரி. சந்தேகத்துக்கான காரணத்தை உடனே தெரிவிக்கவும்.

"என்ன காரணம்னு எழுத?" என்றார் மேலதிகாரி அம்மா.

"மீன் மேடம்."

"என்னது?"

"கெளுத்தி மீன். இடது மீசை பாதி இருக்காது."

அம்மா பேனாவை மூடினார். திறந்தார். மறுபடியும் மூடினார்.

"அஞ்சு வாரமா இந்த ஊர்ல ஒரு தராசு சோதிக்கல. ஜவுளிக் கடைக்காரன் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறான். காரணம் மீனா? ஞாயித்துக்கிழமை நானே வரேன். உங்க பலகை, உங்க மச்சான் பலகை, ரெண்டும் என் கண்ணு முன்னால வரணும். இதுக்கு ஒரு முடிவு கட்டாம நான் எந்தத் தாள்லயும் கையெழுத்துப் போட மாட்டேன்."

அந்த ஞாயிறுதான் போட்டியின் கடைசி நாள். பல் டாக்டரும் தன் ஊரிலிருந்து காரில் வந்து இறங்கினார். கடைசிச் சொல் 'ஞானப்பல்' என்று அறிவித்துவிட்டு, வந்தது முதல் எல்லோருடைய பல்லையும் பார்த்துப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். மனைவி அண்ணனோடு வந்து நின்றாள். மச்சான் இளைத்திருந்தார். முத்திரை அதைப் பார்த்தார். பார்த்ததும் வழக்கம் போல உறுமினார்.

"வைங்க பலகைய!"

மதகுச் சுவரின் மேல் இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அம்மா ஒவ்வொரு கோடாக விரலை ஓட்டிக்கொண்டு போனார். பத்து, இருபது, ஐம்பது, அறுபத்தொன்று, அறுபத்துமூன்று, நூறு. ஒரே பலகையை இரண்டாக அறுத்த மாதிரி இருந்தது.

"இதைத்தான் அன்னைக்கே சொன்னேன், ரெண்டு நிமிஷ வேலைன்னு" என்றாள் மனைவி.

முத்திரை பலகைகளைப் பார்த்தார். பிறகு மச்சானைப் பார்த்தார்.

"உங்க பலகை சரி மச்சான்."

"உங்களுதும் சரிதான் மாப்பிள்ளை. அதான் எனக்குப் பயமா இருக்கு."

"அப்ப அந்த ரெண்டு சென்டிமீட்டர் எங்க போச்சு?"

"போகல மாப்பிள்ளை. எங்கிருந்தோ வந்திருக்கு."

இருவரும் சேர்ந்து பல் டாக்டர் பக்கம் திரும்பினார்கள். ஐந்து வாரத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒன்றாகச் செய்த காரியம் அது.

"என்னை ஏன் பார்க்குறீங்க?" என்று டாக்டர் ஒரு அடி பின்வாங்கினார். "நான் படத்தை மட்டும்தான் பார்த்தேன்!"

"படத்துல ஏதாவது நீட்டினீங்களா?" என்றார் முத்திரை.

"நான் பல்லைத் தவிர எதையும் இழுத்தது கிடையாதுய்யா!"

மச்சான் வந்ததுமே தண்ணீரில் போட்டு வைத்திருந்த தன் தூண்டிலை மேலதிகாரி அம்மாவிடம் நீட்டினார். "இதைக் கொஞ்சம் பிடிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு டாக்டரின் கைபேசியைப் பிடுங்கப் போனார். முத்திரை டாக்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார். மனைவி இருவரையும் பிடித்து இழுத்தாள்.

"ஐயோ! ஐயையோ! இது என்னை இழுக்குது!"

அம்மாதான் அலறினார். தூண்டில் வில்லாக வளைந்திருந்தது. முப்பது வருடத்தில் எந்தக் கோப்பையும் அவர் இவ்வளவு இறுக்கமாகப் பிடித்ததில்லை. எல்லோரும் ஓடினார்கள். முத்திரை முழங்கால் தண்ணீரில் இறங்கினார், மச்சான் வலையைப் போட்டார். மீன் கரைக்கு வந்தது.

இடது மீசை பாதியில் அறுந்திருந்தது. வாலில் டிக்கெட் கிழித்த வெட்டு.

"அரைமீசை!" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"என் பலகையில வைங்க" என்றார் முத்திரை. மூக்கு பூஜ்யத்தைத் தொட்டது. வாலைச் சேர்த்தார். குனிந்தார். நிமிரவில்லை.

"எவ்வளவு?" என்றார் மச்சான்.

"அறுபத்தஞ்சு."

"என்ன மாப்பிள்ளை சொல்றீங்க! என்னுதுல வைங்க."

மச்சான் பலகையிலும் அறுபத்தைந்து. மறுபடி வைத்துப் பார்த்தார், அறுபத்தைந்துதான். டாக்டர் பையிலிருந்து தன் டேப்பை எடுத்தார். அதுவும் அறுபத்தைந்து. அம்மா தன் கைக்குட்டையை விரித்து மதகுச் சுவரில் உட்கார்ந்துவிட்டார்.

"அறுபத்தொன்னு, அறுபத்துமூணு, அறுபத்தஞ்சு... இதை நான் என்னன்னு எழுதுவேன்? 'பார்த்தேன்'னு எழுதிடட்டுமா?"

முத்திரைக்கு இருந்த கோபமெல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்தது. மச்சான் மேல் காட்ட முடியாது, பலகை மேல் காட்ட முடியாது, அரசாங்கம் மேலும் காட்ட முடியாது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அரைமீசையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துக் கத்தினார்:

"பலகை சரி! கோல் சரி! மச்சான் சரி! நானும் சரி! அப்ப சென்டிமீட்டரே பொய்! உலகத்துல இருக்குற அத்தனை அளவும் பொய்! இருபத்திரண்டு வருஷம் பொய்க்கு முத்திரை குத்தியிருக்கேன்!"

"அப்படிச் சொல்லாதீங்க மாப்பிள்ளை" என்று மச்சான் கண் கலங்க அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "நானும் முப்பது வருஷம் அளந்தவன்தானே. என்னமோ நடக்குது. நமக்குத்தான் தெரியல."

மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. முத்திரை அதை மெல்லத் தண்ணீரில் விட்டார். அது எங்கும் ஓடவில்லை. நேராக மதகுக்கு அடியில் போய், காபி வண்டிக்கு நேர் கீழே, வாயை மேலே தூக்கிக்கொண்டு காத்து நின்றது.

மேலேயிருந்து ஒரு முழு பன் பொத்தென்று தண்ணீரில் விழுந்தது. காபி வண்டி அக்கா கையைத் தட்டித் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னமோ அதிசயத்தைக் கண்ட மாதிரி நிக்கிறீங்களே, தெனம் நாலு பன்னு தின்னா மீனு வளராம வேற என்னய்யா பண்ணும்?"